கடல் மீன் வளர்க்க ஆசையா?

போன இதழில் வீட்டு மீன் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "தங்க மீன் எல்லாம் பார்த்து அலுத்துவிட்டது. பிள்ளைகள் நீமோ மீன்தான் வேணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கடைக்காரர் உயிருள்ள பவழமும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?" என்று கேட்கிறார். மீனை வாங்கலாம். பவழத்தை வாங்காதீர்கள்.

பவழம் என்றதும் கழுத்தில் போடும் சிவப்பு மணிதான் நமக்கு ஞாபகம் வரும். அது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் வேறு ஜாதி. பாறை பாறையாக வளரும் பவழம் நம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கிறது. பார்க்கத்தான் கல், உண்மையில் அது பிராணி. எங்கள் சங்கரன்கோவிலில் புற்று என்றால் குழந்தைக்கும் தெரியும், கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். கரையான் மண்ணால் புற்று கட்டுகிற மாதிரி, இந்தச் சின்னஞ்சிறு ஜீவன்கள் கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கட்டுகின்றன. உருண்டை வகைப் பவழம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.

அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வைத்துச் சமைத்து அதற்குச் சோறு போடுவது அந்தப் பாசிதான். தண்ணீரில் சூடு ஏறிவிட்டால் பாசி வெளியேறிவிடும். பவழம் வெள்ளை வெளேரென்று ஆகி, சூடு தணியாவிட்டால் பட்டினியில் செத்துப்போகும். 2010-லும் 2016-லும் கோடையில் மன்னார் வளைகுடாவில் இப்படித்தான் ஏராளமான பவழம் வெளுத்தது. அத்தனை பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால், சித்திரை வெயிலில் நம் வீட்டுக் கூடத்துத் தொட்டி எம்மாத்திரம்?

சட்டமும் விடாது. 2001 முதல் பாறை கட்டும் பவழங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி, யானை இருக்கிற அதே அட்டவணை! மீறினால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. செத்த பவழமும் இதில் சேர்த்திதான். ஆகவே யாத்திரை போன இடத்தில் வாங்கி ஷோகேஸில் வைக்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். கடற்குதிரையும் அப்படியே.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். தூத்துக்குடி நமக்கு நூறு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கரையோரம் ஒரு காலத்தில் பவழக்கல்லைப் படகு படகாக வெட்டிக் கொண்டுவந்து சுண்ணாம்புக்காகச் சுட்டார்கள். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பாறை போனதும், கடல் தீவுகளையே அரிக்க ஆரம்பித்தது. அங்கே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் தண்ணீருக்குள் மூழ்கியே போய்விட்டன. வான் தீவும் வருஷா வருஷம் தேய்ந்து வந்தது. அதைக் காப்பாற்ற 2015-க்குப் பிறகு கான்கிரீட்டில் செயற்கைப் பாறை செய்து கடலில் இறக்க வேண்டியதாயிற்று. பூச்சி இனாமாகக் கட்டிக் கொடுத்ததை நாம் சிமெண்டு போட்டுக் கட்டுகிறோம்!

சரி, மீனுக்கு வருவோம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை, மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்து நடத்திக் காட்டியிருக்கிறார்கள். எனவே கடையில் முதல் கேள்வி, "பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்பதாக இருக்கட்டும். பண்ணை மீன் தீனிக்குப் பழகியிருக்கும். கடல் சாமந்தி இல்லாமலேயே அது சுகமாக இருக்கும், அதற்கென்று தனிச் செலவு வேண்டாம். வேடிக்கை ஒன்று: இந்த ஜாதியில் எல்லாம் முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும். பெண் செத்தால் அடுத்த ஆண் பெண்ணாகும். முட்டைக்குக் காவலிருந்து விசிறிக் கொண்டிருப்பதும் அப்பாதான். நம் வீட்டுக்காரர்கள் காதில் போட்டு வையுங்கள்!

ஒரு ஜோடிக்கு 100 லிட்டர் தொட்டியாவது வேண்டும். தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் கனக்கும், மர ஸ்டூல் தாங்காது. லிட்டருக்கு 35 கிராம் வீதம், மூன்றரைக் கிலோ உப்பு ஆகும். சமையல் உப்பு உதவாது. உப்பளத்தில் நம் உப்பு விளைந்த பிறகு, மெக்னீசியம் முதலான சத்துக்கள் கசப்பு நீரில் தங்கி வெளியே போய்விடுகின்றன. கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவைதான் சரி. போர் தண்ணீரில் கரைக்காதீர்கள், வடிகட்டிய தண்ணீரே நல்லது.

சாம்பார் வற்றினால் உப்புக் கரிக்கும் இல்லையா, தொட்டியும் அப்படித்தான். வெயிலுக்குத் தண்ணீர் வற்றும், உப்பு தங்கிவிடும். குறைந்ததை வெறும் நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். மறுபடியும் உப்புத் தண்ணீர் ஊற்றினால் மீன் பிழைக்காது.

தொட்டி வைத்த அன்றே மீனை விடக்கூடாது. பால் தயிராகக் காத்திருக்கிறோமே, அந்த மாதிரி கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன் விட்டால் அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவே அதைக் கொன்றுவிடும். பொறுமையில்லாத பிள்ளைகளை அதுவரை சமாளிப்பது உங்கள் சாமர்த்தியம். பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும்.

செப்புக் குடம், பித்தளைச் சொம்பு எதுவும் இந்தத் தண்ணீரில் படக்கூடாது, செம்பு கடல் ஜீவன்களுக்கு விஷம். பிளாஸ்டிக் வாளி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் கொசு மருந்து அடிக்காதீர்கள். சோப்புக் கையோடு தொடாதீர்கள்.

கரண்ட் போய்விட்டால் காற்றுக் குழாய் நின்றுவிடும், பாட்டரியில் ஓடும் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகவே பாயும் என்பதால், கையை விடுமுன் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு பிளக்கையும் கழற்றிவிடுங்கள். குழந்தைகள் தனியாகக் கைவைக்காதபடி மேல்மூடிக்கு ஒரு கொக்கி போட்டு வையுங்கள்.