காட்டை அளந்தோர்

மரங்களை எண்ணுவதற்கு ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுப்பதா என வினவுவோர், பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் வரலாற்றை அறிதல் வேண்டும். பேராசிரியர்கள் நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் அத்துறையிலிருந்தே இலங்கையின் சிங்கராஜ வனத்தைப் பல பத்தாண்டுகள் இடையறாது ஆராய்ந்தனர்.

எழுபதுகளில் அவ்வனம் பட்ட துயர் பெரிது. ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கள் புகுந்து மரங்களை வீழ்த்தின. மக்கள் எதிர்ப்பு வலுத்த பின்னரே அவ்வழிவு நின்றது. 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. எனினும், எம்மரம் எச்சரிவில் முளைக்கும், எவ்வளவு ஒளியில் வளரும், எப்போது மடியும் என்பனவற்றை அறியாமல் ஒரு காட்டைக் காப்பது இயலாது.

அவ்வறிவைத் தேடியே 1993இல் சிங்கராஜத்தில் 25 ஹெக்டேயர் ஆய்வு நிலம் வகுக்கப்பட்டது. ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள இளமரமும் விடுபடவில்லை. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இலக்கத் தகடு பெற்றன. அவை ஏறத்தாழ 200 இனங்களைச் சார்ந்தவை. பனாமாவின் பாரோ கொலராடோத் தீவிலும் மலேசியாவின் பாசோவிலும் கையாளப்பட்ட அதே அளவைமுறை இங்கும் பின்பற்றப்பட்டமையால், அயல்நாட்டுக் காடுகளோடு நம் காட்டை ஒப்புநோக்க முடிந்தது. இத்தகைய நீண்ட ஆய்வுக்காக வனத் திணைக்களத்தையும் அயல்நாட்டு அறிஞரையும் இளம் ஆய்வாளரையும் ஒரு பணியில் இணைத்து, அவ்விணைப்பு அறாமற் காப்பதும் ஆராய்ச்சியே. பல்கலைக்கழகப் பதவி உயர்வுக்கான புள்ளிகளில் அவ்வுழைப்புக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது எம் வருத்தம்.

வனத்தின் விளிம்பில் நடப்பட்டிருந்த பைனஸ் தோட்டத்திலும் குணதிலக்க இணையர் ஆய்வாளர் மார்க் அஷ்டன் முதலியோருடன் ஆய்வு நிகழ்த்தினர். பைனஸ் வரிசைகள் சில அகற்றப்பட்டு, அவ்விடைவெளியில் இந்நாட்டு மழைக்காட்டு மரக்கன்றுகள் நடப்பட்டன. மூடிய நிழலிலிருந்த கன்றுகளினும் அவை செழித்து வளர்ந்தன. அயல் மரமே சுதேச மரத்துக்குச் செவிலியாயிற்று.

பேராதனை வளாகத்துக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையிலும் பைனஸ் தோட்டங்கள் உள்ளன. வறட்சிக் காலத்தில் அவை தீப்பற்றுவதைக் கண்டி மக்கள் நன்கறிவர். மண்ணும் மழையும் வேறாதலால் சிங்கராஜத்தில் நட்ட இனங்களையே இங்கும் நட இயலாது. ஆனால் அம்முறையை ஹந்தானைக்கேற்ற இனங்களைக் கொண்டு சோதிக்கத் தடை என்ன? வனத் திணைக்களமும் பல்கலைக்கழகமும் அப்பணியைக் கூடித் தொடங்குக. அவ்வாறே, மரங்களின் வளர்ச்சியையும் மடிவையும் அறியத் தேவையான சிங்கராஜ ஆய்வு நில மறு அளவீட்டின் செலவை, அயல்நாட்டு நல்கையை எதிர்பாராமல், அரசு தன் பாதீட்டில் நிலையாக ஒதுக்குக.