6 கிகாஹெர்ட்ஸ் வந்தா, பின்கட்டு கேமராவுக்கு வைஃபை எட்டிடுமா?

"6 கிகாஹெர்ட்ஸ் வருது, இனிமே வீடு முழுக்க வைஃபை பறக்கும்!" இந்த மாதிரி ரீல்ஸ் உங்கள் ஃபோனிலும் வந்திருக்கும். பின்னணி இதுதான்: 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் வைஃபைக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் வரைவு விதிகளை 2025 மே மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறை வெளியிட்டது. வைஃபை 6இ, வைஃபை 7 ரவுட்டர்களின் முழு வேகமும் கிடைக்க இந்த அலைவரிசை தேவை. கேமர்களுக்கும், 4கே வீடியோ பார்ப்பவர்களுக்கும் நல்ல செய்திதான்.

ஆனால், காஞ்சிபுரம் மாதிரி ஊரில் இருப்பவர்களின் கேள்வியே வேறு. "ரவுட்டர் வாசல்ல இருக்கு, கேமரா பின்கட்டுல இருக்கு. நடுவுல நாலு சுவர். ஆப்பைத் திறந்தாலே ஆஃப்லைன்னு காட்டுது. புது ரவுட்டர் வாங்கினா சரியாகிடுமா?"

நேரடி பதில்: அந்தக் கேமராவைப் பொறுத்தவரை, ஆகாது. காசு போடுவதற்கு முன்னால் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

நீளமான வீடு, ஓரத்தில் ரவுட்டர்

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் பழைய வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். தெருவைப் பார்த்து குறுகலான முகப்பு. உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருக்கும். திண்ணை, கூடம், தறி, சமையலறை, கடைசியில் கிணற்றடியும் தோட்டமும். சுவரெல்லாம் நல்ல கனம். பின்னாளில் இடித்துக் கட்டியிருந்தால், கம்பி போட்ட கான்கிரீட் தளம்.

ஃபைபர் கேபிள் தெருக் கம்பத்திலிருந்து வருகிறது. மாட்ட வந்தவர் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், டி.விக்கு மேலே பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். வைஃபையில் பாதி தெருவுக்குப் போகிறது. மீதிப் பாதி பீரோ, ஃபிரிட்ஜ், சுவர் என்று ஒவ்வொன்றாக மோதி, பின்கட்டுக்குப் போய்ச் சேரும்போது மூச்சு வாங்குகிறது.

இந்த வீடுகளில் வீடேதான் தொழிற்கூடமும். தறியில் ஏறியிருக்கும் பட்டும் ஜரிகையும் பல வீடுகளில் சொந்தப் பணத்தில் வாங்கியது அல்ல. சொசைட்டியோ முதலாளியோ கொடுத்தது. நெய்து முடித்துக் கொடுத்தால்தான் கூலி. ஒரு புடவை முடிய பல நாள் ஆகும். அதில் ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்தான். பின்வாசலில் ஒரு கேமரா இருந்தால் நிம்மதி என்று நினைப்பது நியாயம்தானே?

வேகம் வேறு, எட்டும் தூரம் வேறு

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நம் வீட்டு ரவுட்டர் பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் பேசும். ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2005-லிருந்து லைசென்ஸ் இல்லாமல் பயன்பாட்டில் இருக்கிறது. இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். இதன் பெரும்பகுதி 2018 அக்டோபரில் வீட்டுக்கு வெளியிலும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. 6 கிகாஹெர்ட்ஸ் மூன்றாவது.

எண் கூடக் கூட, வேகமாகப் போக இடம் அதிகம் கிடைக்கும். ஆனால் எட்டும் தூரம் குறையும். ஒரே பவர், ஒரே தூரம், ஒரே மாதிரி ஆன்டெனா என்று வைத்துக்கொண்டால், 2.4-இல் கிடைக்கும் சிக்னலில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்குதான் 6 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கும். அதுவும் திறந்தவெளியில். நடுவில் சுவர் வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதற்கு மேல் பவர் கட்டுப்பாடும் இருக்கிறது. 2025 வரைவு விதிகளின்படி 6 கிகாஹெர்ட்ஸில் வீட்டுக்குள்ளே அதிகபட்சம் 1 வாட். வெளியே என்றால் 25 மில்லிவாட்தான், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. தோட்டத்துக் கேமராவை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி இல்லை இது.

இன்னொரு விஷயம். கேமராவுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. ஃபுல் ஹெச்.டி கேமரா ஒன்றுக்கு விநாடிக்கு 2 முதல் 4 மெகாபிட் அப்லோடு போதும். அது விட்டுவிட்டு இல்லாமல் சீராகக் கிடைக்க வேண்டும். அதனால், "100 எம்.பி பிளானை 300 ஆக்கினா சரியாகிடும்" என்பதும் தவறான கணக்கு. பிளானை ஏற்றினால் தெருவிலிருந்து ரவுட்டருக்கு வரும் பாதைதான் அகலமாகும். பிரச்னை இருப்பது ரவுட்டருக்கும் கேமராவுக்கும் நடுவில்.

ஃபோன்ல சிக்னல் ஃபுல்லு, கேமரா மட்டும் ஏன் ஆஃப்லைன்?

வைஃபை ஒருவழிப் பாதை இல்லை. ரவுட்டர் பேசுவது கேமராவுக்குக் கேட்க வேண்டும், கேமரா பேசுவதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். ரவுட்டருக்கு உரத்த குரல். கேமராவில் இருப்பதோ சின்ன ஆன்டெனா, சின்னக் குரல். வீடியோவை அனுப்ப வேண்டியதும் அதுதான். நீங்கள் ஃபோனில் பார்க்கும் கோடுகள் ரவுட்டரின் குரலை மட்டுமே காட்டுகின்றன.

அதனால் கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு, கேமரா மாட்டிய இடத்திலேயே நின்று சோதியுங்கள். மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல அளவு (மைனஸ் 60, 50) என்றால் கவலை இல்லை. மைனஸ் 70 என்றால் ஓடும். மைனஸ் 80-ஐ நெருங்கினால் விட்டுவிட்டுத்தான் வரும்.

செலவில்லாத வழியிலிருந்து ஆரம்பிங்க

1. ரவுட்டரை நகர்த்துங்கள். வாசல் சுவரிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மேலே. பீரோவுக்குப் பின்னாலும் டி.விக்குப் பின்னாலும் வேண்டாம். ஃபைபர் கேபிளை உள்ளே வரை இழுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

2. 2.4-க்குத் தனிப் பெயர் வையுங்கள். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2.4-இல் மட்டும்தான் இயங்கும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், ஃபோன் 5-இல் இருக்க, செட்டப் பாதியிலேயே நிற்கும். பெயரைப் பிரித்துவிட்டு, சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றில் வையுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் பக்கத்து வீட்டு வைஃபைதான் பெரிய சத்தம்.

3. ரிப்பீட்டரை நடுவில் வையுங்கள். கேமரா பக்கத்தில், சிக்னலே இல்லாத இடத்தில் ரிப்பீட்டரை மாட்டினால் எதைத் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் கேட்டுத் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். ஒரு கேமராவுக்கு அது போதும்.

4. முடிந்தால் ஒயர் இழுங்கள். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எவ்வளவு நீளமான வீடாக இருந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். அந்தக் கேபிளின் மறுமுனையில் பழைய ரவுட்டர் ஒன்றை 'அக்சஸ் பாயின்ட்' மோடில் வைத்தால் பின்கட்டில் புது வைஃபை. கேமராவே 'பவர் ஓவர் ஈதர்நெட்' வகை என்றால், ஒரே ஒயரில் கரன்ட்டும் டேட்டாவும் போய்விடும். வாங்கும்போது சுத்தமான செம்பு ஒயரா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் விலை குறைவு, பவர் அனுப்பினால் சூடாகும்.

தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் தனியாகத் தறிக்கூடம் இருந்தால்? ஒயரைத் தெருவுக்குக் குறுக்கே தொங்கவிட முடியாது. இரண்டு மாடியிலும் நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி 5 கிகாஹெர்ட்ஸ் அவுட்டோர் பிரிட்ஜ் ஒரு ஜோடி வைக்கலாம். நடுவில் மரமோ சுவரோ இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

சிம் கேமரா, ஹேலோ?

"வைஃபையே வேணாம், சிம் போட்ட கேமரா வாங்கிடலாம்" என்பவர்கள் ஒரு கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் நாள் முழுக்க அனுப்பினால், ஒரு நாளைக்கு 21 ஜி.பிக்கு மேல். எந்த டேட்டா பேக் தாங்கும்? அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால்தான் கட்டுப்படியாகும்.

இந்த விஷயத்தில் நிஜமாகவே கவனிக்க வேண்டிய தொழில்நுட்பம் 'வைஃபை ஹேலோ'. இது 6 கிகாஹெர்ட்ஸுக்கு நேரெதிர்த் திசையில், ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே போகிறது. இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லாத 865-868 மெகாஹெர்ட்ஸில் இயங்கக்கூடியது. வேகம் குறைவு, ஆனால் தூரமும் சுவரும் பெரிய தடையில்லை. கேமராவுக்கு வேண்டியது இதுதான். சிக்கல் என்னவென்றால், உங்கள் சாதாரண ரவுட்டரோடு இது பேசாது. இரண்டு முனையிலும் ஹேலோ கருவி வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். கேமராவில் மெமரி கார்டு போட்டுவிடுங்கள். வைஃபை போனாலும் பதிவு நிற்காது. ரவுட்டருக்கும் கேமராவுக்கும் சின்ன யு.பி.எஸ் வையுங்கள். கரன்ட் போன நேரத்தில்தான் கேமரா அதிகம் தேவைப்படும்.

எட்டிவிட்டது. இப்போ யார் யார் பார்க்கிறாங்க?

சிக்னல் எட்டியதும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இன்டர்நெட்டில் இருக்கும் கேமரா என்பது, வீட்டுக்குள் திறக்கும் இன்னொரு கதவு.

2016 அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் முடங்கின. காரணமான 'மிராய்' மால்வேர், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் படையாக்கியிருந்தது. நம் நாட்டிலேயே, 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் டெலிகிராமில் விற்கப்பட்டது தெரியவந்தது. அங்கே இருந்த பாஸ்வேர்டு 'அட்மின்123' என்று செய்திகள் வந்தன.

இதெல்லாம் சேர்ந்துதான் விதிகள் இறுகியிருக்கின்றன. 2025 ஏப்ரல் 9 முதல், புதிதாக விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். பெயர் தெரியாத மலிவு கேமராவை வாங்கும் முன் இந்தச் சான்றிதழைக் கேளுங்கள். வாங்கியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கேமராவை ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் போடுங்கள். பேங்க் ஆப் இருக்கும் ஃபோனும் கேமராவும் ஒரே வலையில் இருக்க வேண்டாம்.

வெளியாட்கள் மட்டுமில்லை, வீட்டுக்குள் இருப்பவர்களையும் யோசிக்க வேண்டும். சேர்ந்து குடியிருப்பவர்களின் சம்மதம் இல்லாமல் வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைப்பது அவர்களின் அந்தரங்க உரிமையை மீறுவது என்ற கொல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தறி இருக்கும் வீட்டுக்கு இது இன்னும் பொருந்தும். கூடத்தில் தறி ஓடும் அதே இடத்தில்தான் அம்மா ஓய்வெடுப்பார், தங்கை படிப்பாள். கோர்வைப் புடவை என்றால் தறியில் உதவிக்கு இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க லென்ஸுக்கு முன்னால் உட்கார அவர்களுக்குச் சம்மதமா என்று யாராவது கேட்டார்களா? முதலாளியோ, வெளியூரில் இருக்கும் அண்ணனோ ஃபோனில் பார்க்கிறார் என்றால், கட்டாயம் கேட்க வேண்டும்.

பயம் பின்வாசலைப் பற்றி என்றால் கேமரா பின்வாசலைப் பார்க்கட்டும், தறியைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அந்த மைனஸ் எண்ணைப் பாருங்கள். புது ரவுட்டர் வாங்குவதா, ஒரு சுருள் ஒயர் வாங்குவதா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். பெரும்பாலும் ஒயராகத்தான் இருக்கும்.