கொசுவை ஒழிக்கக் கொசு - நான் இந்தக் கட்சி

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரலை. ஆனா போன வாரம் டீ குடிக்கப் போன இடத்துல வந்த வாக்குவாதம் மனசைக் குடைஞ்சுகிட்டே இருக்கு. இறக்கி வெச்சிடறேன். (கொசுவர்த்தி சுத்தப் போறான்னு ஓடிடாதீங்க மக்கா, இது நிஜக் கொசு :-))

ஹவாய்ல கொசுவை ஒழிக்க, ஹெலிகாப்டர்ல இருந்து கொசுவையே விடறாங்கன்னு சொன்னேன். "குருவிக்காகவா? இங்க மனுஷனுக்கு டெங்கு வந்தாலே கேக்க நாதியில்ல. அழியறது அழியட்டும்டா, அதுதான் இயற்கை"ன்னான் நண்பன்.

அந்த 'இயற்கை'தான் எனக்கு ஒத்துக்கலை. ஹவாய்ல ஆதியில் கொசுவே கிடையாது. 1826 வாக்குல கப்பல்ல வந்து இறங்கினது. யாருன்னு பார்த்தா, நம்ம ஊர்ல யானைக்கால் நோயைப் பரப்புற அதே க்யூலெக்ஸ்! அங்க அது பறவை மலேரியாவைப் பரப்புது. கொசுக்கடியே தெரியாம வளர்ந்த ஹனிக்ரீப்பர் குருவிகளுக்கு எதிர்ப்பு சக்தி ஏது? 'இஈவி'ங்கிற சிவப்புக் குருவியை நோயுள்ள கொசு ஒரே தடவை கடிச்சாலும் பத்துல ஒன்பது செத்துடும். 50க்கு மேல இருந்த வகைகள்ல இன்னிக்கு மிச்சம் 17தான். காடழிப்பு, எலி, பூனைன்னு வேற காரணங்களும் உண்டு. ஆனா இப்ப கழுத்துல கத்தி வெச்சிருக்கிறது கொசுதான்.

குளிருக்குப் பயந்து கொசு ஏறாத மலை உச்சிகள்லதான் பல குருவிகள் தப்பிச்சிருந்தது. பூமி சூடாக சூடாக, கொசுவும் மேல ஏறுது. காவாய் தீவோட 'அகிகிகி' குருவி, 2023 கணக்குப்படி காட்டுல அஞ்சே அஞ்சு.

அதனாலதான் 2023 நவம்பர்ல இருந்து மௌயி தீவுல லட்சக்கணக்குல ஆண் கொசு விடறாங்க. ஆண் கொசு கடிக்காது. அதோட உடம்புல இருக்கிற வொல்பாக்கியா பாக்டீரியா வேற ரகம்; அதோட சேர்ற பெண் கொசுவோட முட்டை பொரியாது. மருந்தடிச்சா காட்டுப் பூச்சியெல்லாம் சேர்ந்து சாகும். இதுல குறி ஒண்ணே ஒண்ணு. ஒரே குறை, நிறுத்தினா கொசு திரும்ப வந்துடும். தொடர்ந்து செய்யணும்.

டெங்கு கேள்விக்கும் பதில் இருக்கு. அதே வொல்பாக்கியாவை ஏடிஸ் கொசுவுக்குள்ள ஏத்தி டெங்குவை அடக்கற ஆராய்ச்சியை, புதுச்சேரி ஐசிஎம்ஆர் மையத்துலயே செஞ்சிருக்காங்க. ஆக, குருவியா மனுஷனாங்கிற கேள்வியே தப்பு.

நாமளே ப்ரொடக்‌ஷன்ல பக் ஏத்திட்டு, "அது சிஸ்டம் அப்படித்தான்"னு சொன்னா மேனேஜர் விடுவாரா? கப்பல்ல ஏத்தி வந்தது மனுஷன். சரி பண்றதும் மனுஷன் கடமைதான்.

நண்பன் இன்னும் ஒத்துக்கலை. நீங்க எந்தக் கட்சி? பின்னூட்டத்துல வந்து கும்முங்க.

டிஸ்கி: இதைத் தட்டி முடிக்கிறதுக்குள்ள நாலு கொசுவை அடிச்சேன். நாலும் பெண் கொசு, கடிச்சுதே!