லாஸ்பேட்டையில உக்காந்துகிட்டு .338 லாபுவா பேசறவங்களுக்கு

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். ஆட்டோ அனுப்பறவங்க முழுசா படிச்சுட்டு அனுப்புங்க.

"லாங் ரேஞ்சுக்கு எந்தக் காலிபர் பெஸ்ட்?" இந்தக் கேள்வியை ரெண்டு பேர் ஆரம்பிச்சா போதும், டீ ஆறிடும், சண்டை ஆறாது. ஒருத்தர் .308 வின்செஸ்டர்னு சத்தியம் பண்ணுவார். அடுத்தவர் அதெல்லாம் பழைய பஞ்சாங்கம், 6.5 கிரீட்மூர்தான்னு அடிச்சு சொல்லுவார். மூணாவது ஆள் .338 லாபுவா மேக்னத்துக்குக் கீழ இறங்கவே மாட்டார். மூணு பேரும் வாழ்நாள்ல சுட்ட தோட்டாவை எண்ணினா ஒரு டப்பா தேறாது. எல்லாம் யூட்யூப் புண்ணியம். 2021-ல அஜித் தமிழ்நாடு மாநிலப் போட்டியில மெடல் வாங்கினதுக்கப்புறம் இந்தக் கூட்டம் இன்னும் ஜாஸ்தி ஆயிடுச்சு.

கணக்குல தப்பில்லை, அதை ஒத்துக்கறேன். ஆயிரம் கஜம், அதாவது 914 மீட்டர். பக்கவாட்டுல மணிக்கு 16 கி.மீ. காத்து அடிச்சா .308 குண்டு சுமார் இரண்டரை மீட்டர் தள்ளிப் போகும். 2007-ல வந்த 6.5 கிரீட்மூர் குண்டு ஒல்லி, நீளம், காத்தை நல்லா கிழிக்கும், அதனால ரெண்டு மீட்டருக்குள்ள நிக்கும். சரி. அந்த 914 மீட்டரை எங்கே வெச்சிருக்கீங்க? எங்க லாஸ்பேட்டை ஏர்போர்ட் ரன்வேயே ஒன்றரை கிலோமீட்டர்தான். அதுல பாதிக்கும் மேல நீளமா, பின்னாடி மண்மேட்டோட, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் ஒண்ணை காட்டுங்க, அப்புறம் காலிபர் பேசலாம்.

இடத்தையாவது விடுங்க. நம்ம ஊர்ல காலிபரைத் தேர்ந்தெடுக்கறது நீங்களா? சட்டம்ங்க. .303, 7.62 ராணுவத் தோட்டாக்களை எந்தத் துப்பாக்கியில போட்டு சுட முடியுமோ அது தடை செய்யப்பட்ட போர். .308 வின்செஸ்டர் ராணுவத்தோட 7.62x51-க்கு அண்ணன், 1952-ல பிறந்தது. அதனால சாதாரண லைசென்ஸ்காரனுக்கு அது கிடையாது. ஆனா .30-06 கிடைக்கும்! 1906-ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்ட தோட்டா அது. குண்டோட குறுக்களவு .308-க்கு இருக்கற அதே அளவு. கேஸ் மட்டும் 51 மி.மீ.க்கு பதிலா 63 மி.மீ., அதனால மருந்து அதிகம், வேகமும் கொஞ்சம் அதிகம். பலவீனமானது தடை, பலமானது ஓகே. நம்ம ராணுவத் தோட்டா திருட்டுத்தனமா வெளியே போயிடக் கூடாதுன்னுதான் இந்த விதி, அந்தக் காரணம் புரியுது. ஆனா போட்டிக்கு சுடறவன் பக்கத்துல நின்னு இந்த விதியை யாரும் யோசிக்கவே இல்லைங்கறதும் புரியுது.

இது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம். 1907-ல கலகத்துக்கு பயந்து .450 காலிபரை இந்தியாவுல தடை பண்ணான். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிக்காரங்க அசரவே இல்லை. .465, .470, .475-ன்னு பக்கத்துப் பக்கத்து நம்பரா போட்டுத் தள்ளிட்டாங்க. யானை வேட்டைக்குப் புகழ் பெற்ற .470-க்கு வாழ்வு வந்ததே நம்ம நாட்டுத் தடையாலதான்!

.315-ம் அந்த வம்சம். .303 பொதுஜனத்துக்குக் கூடாதுன்னதும் ஆஸ்திரிய 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவை எடுத்து லீ-என்ஃபீல்ட் மெஷின்ல உட்கார வெச்சது. (எங்க ஊர் சொல்தா தாத்தாக்கள் சேர்ந்த பிரெஞ்சு ராணுவத்தோட 8 மி.மீ. லெபெலும் 8x50தான். ஆனா அதுல போடறது இதுல போகாது. நம்பரை மட்டும் பாத்து பேசறவங்க கவனிக்க.) 15.8 கிராம் கனமான, மெதுவான குண்டு. காட்டுப்பன்னிக்கு சரி. இதை வாங்கி மேல ஒரு பெரிய ஸ்கோப்பை மாட்டிக்கிட்டு "லாங் ரேஞ்ச் ரைஃபிள்"னு சொல்றவங்களைப் பாத்தா எனக்கு மாட்டு வண்டியில ஸ்பாய்லர் வெச்ச மாதிரி இருக்கு. ஹி ஹி.

கிரீட்மூர் வேணுமா? இறக்குமதி 1980-களின் நடுவிலிருந்து பொதுஜனத்துக்கு மூடின கதவு. போட்டிகள்ல தகுதி காட்டின சுடுநருக்கு மட்டும்தான் அது திறக்கும். அந்தத் தகுதியை எதால சுட்டு வாங்குவீங்க? .177 இல்லைன்னா .22. சுத்திச் சுத்தி அங்கேதான் வரணும்.

"ச்சே, .22-ஆ? அது என்சிசி பசங்க சுடறது"ன்னு மூக்கை சுளிக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவே. 50 மீட்டர்ல அதே 16 கி.மீ. காத்து .22 குண்டை இரண்டரை, மூணு செ.மீ. தள்ளும். அந்த டார்கெட்ல பத்தாம் வளையம் மொத்தமே 10.4 மி.மீ. நடுவுல வெச்சு சுட்டா ஏழுல விழும். 300 மீட்டர்ல .308 சுமார் 18 செ.மீ. தள்ளும், அங்க பத்தாம் வளையம் 10 செ.மீ., அதுவும் ஏழுலதான் விழும். அதே காத்து, அதே மூணு மார்க் நஷ்டம்! கிரீட்மூர் வெச்சிருந்தா எட்டு. இத்தனை சண்டையும் அந்த ஒரு மார்க்குக்கு. மிச்ச ரெண்டு மார்க் கொடியைப் பாத்து காத்தைப் படிக்கத் தெரிஞ்சவனுக்கு. அதை 50 மீட்டர்ல, தோள் வலிக்காம, ஒரு நாளைக்கு நூறு தோட்டா சுட்டுக் கத்துக்கலாம். கிரீட்மூர் பேரல் ரெண்டாயிரம், மூவாயிரம் ரவுண்டுல தேய ஆரம்பிக்கும். .22 பேரல் உங்க பையனுக்கும் வரும்.

300 மீட்டர் ஒலிம்பிக்ல கடைசியா இருந்தது 1972 மியூனிக்லதான். 2024 பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர்ல வெண்கலம் வாங்கினது .22-ல, ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்துக்கிட்டு. பக்கத்துல கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல உலகக் கோப்பைத் தங்கம் வாங்கினது வெறும் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள்ல. இவங்க கிட்ட போய் "இதெல்லாம் சின்னக் காலிபர்ங்க"ன்னு சொல்லிப் பாருங்களேன்.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாதது. 1959 ஆயுதச் சட்டம் 13-ம் பிரிவுல, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்கு .22 ரைஃபிளோ ஏர் ரைஃபிளோ கேட்டா லைசென்ஸ் "தர வேண்டும்"னே எழுதியிருக்கு. மறுக்கறதுக்குன்னு சட்டத்துலயே சொன்ன காரணங்கள் இருந்தா ஒழிய, "தரலாம்" இல்லை, "தர வேண்டும்". .30-06-க்கு அப்படி ஒரு வரி கிடையாது, தேவை இருக்குன்னு அதிகாரி நம்பணும். கையில இருக்கற உரிமையை விட்டுட்டு இல்லாத லாபுவாவுக்கு அடிச்சிக்கறோம்.

ஆயிரம் கஜ கனவு காணற அதே வாயால, மாவட்டத்துக்கு ஒரு 50 மீட்டர் ரேஞ்ச், எலக்ட்ரானிக் டார்கெட்டோட, காசு கம்மியா ஒரு மணி நேர வாடகைக்குன்னு கேளுங்க. ஏர் ரைஃபிளே சொந்தமா வாங்க முடியாத பசங்க எத்தனை பேர் இந்தப் பக்கம் இருக்காங்க...

டிஸ்கி: .30-06 வெச்சிருக்கற அண்ணாச்சிங்க கோவிச்சுக்க வேணாம். உங்க ரைஃபிளைப் பத்தி நான் குறை சொல்லலை. போன வருஷம் மொத்தம் எத்தனை ரவுண்ட் சுட்டீங்கன்னு மட்டும் பின்னூட்டத்துல நேர்மையா சொல்லிட்டுப் போங்க.