மேட்டுக்காணியில் புல்லா, கச்சானா?

மாடு வளர்ப்போர் இனிச் சொந்தக் காணியிலேயே புல் வளர்க்கவேண்டும் என்ற அறிவுரையை வன்னிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். கூடவே கோ-3 புல்லின் தண்டுகளும் கொடுக்கப்படுகின்றன. நல்ல புல்தான். கம்பையும் நேப்பியரையும் கலந்து கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. நீரும் எருவும் இருந்தால் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்டலாம்.

நீர்தான் பிரச்சினை. மேட்டுக்காணிக்குக் குளத்து வாய்க்கால் ஏறாது. ஒக்ரோபரில் தொடங்கும் மாரிமழையை நம்பித்தான் கச்சான், உழுந்து, பயறு, சோளம் எல்லாம். மழை ஓய்ந்தபின் கிணறும் பம்பும் வைத்திருப்பவருக்கே புல் பச்சையாக நிற்கும். மீள்குடியேறி, ஒரு ஏக்கரோடு தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்ணிடம் கால் ஏக்கரைப் புல்லுக்கு ஒதுக்கச் சொல்வது, அந்த அளவு கச்சான் காசை விட்டுவிடச் சொல்வதுதான்.

விசுவமடுப் பக்கம் ஒரு அக்கா மாரியில் கோ-3 நட்டார். தையில் முதல் வெட்டு. வைகாசியில் எல்லாம் கருகிவிட்டது. அவருடைய இரண்டு மாடுகளையும் ஆவணி வரை கொண்டுவந்தது வேலிதான். சீமைக்கிளுவைக் கதியால்கள் கோடையிலும் தழைக்கும். புதுக்குழையின் மணம் மாட்டுக்குப் பிடிக்காது. ஒருநாள் வாடவைத்துப் போட்டால் தின்னும். மிச்சக் குழை தோட்டத்துக்குப் பசளை. கச்சான் பிடுங்கியபின் கொடியையும் அவர் எரிப்பதில்லை, காயவைத்து அடுக்கிவைக்கிறார். 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடைசெய்தபோது பட்டி எரு வைத்திருந்தவர்கள்தான் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பயிரும் மாடும் ஒரே காணியில் ஒன்றையொன்று தாங்கும். இதற்குப் புதிய திட்டம் தேவையில்லை.

ஆனால் வேலிக்குழை இரண்டு மாட்டுக்குப் போதும், இருநூறு மாட்டுக்குப் போதாது. காலபோக விதைப்புக்கு முன் வயற்புறத்திலிருந்து மாடுகளை எந்த நாளில் அகற்றவேண்டும் என்று கூட்டம் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். எங்கே அகற்றுவது? 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியதும் இந்தக் கேள்வியோடுதான். அவர்களுடைய மேய்ச்சல் தரையில் வெளியார் வந்து பயிர் செய்தார்கள். வன்னியில் கதை வேறு. போர்க்காலத்தில் ஆள் போகாமல் பற்றையேறிய மேய்ச்சல் நிலங்கள் பல, மக்கள் திரும்பியபோது வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்களுக்குள் இருந்தன.

போக இடமில்லாத மாடு கட்டாக்காலியாகி அந்த அக்காவின் உழுந்துக்குள்தான் இறங்கும். பிறகு பிடித்துக் கட்டுவதும் தண்டமும். சண்டை இரண்டு அயலவர்களுக்குள். தரையை எடுத்தவர் அந்தப் பக்கமே இல்லை.

சொந்தக் காணியில் புல் வளருங்கள் என்ற அறிவுரை எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. மேய்ச்சல் தரையை அளந்து வர்த்தமானியில் அறிவிக்கவேண்டிய பொறுப்பு, ஒரு கட்டுப் புல்தண்டோடு சேர்த்து ஏழைக் கமக்காரரின் தலையில் இறக்கப்படுகிறது. அடுத்த முறை தண்டு கொடுக்க வருபவரிடம் உங்கள் பிரதேசத்தின் மேய்ச்சல் தரை எத்தனை ஏக்கர், அதற்கு வரைபடம் உண்டா என்று கேளுங்கள். தண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், கிணற்றடியில் நடலாம்.