காயத்துக்குச் சான்று கேட்கும்போது

திருமழிசை தொழிற்பேட்டையின் வாயில்களிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையோரக் கிடங்குகளிலும், ஆவடி, அம்பத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் காவல் பணியில் நிற்போருள் முன்னாள் படைவீரர்கள் உண்டு. நாற்பது வயதை எட்டும் முன்னரே படையிலிருந்து ஓய்வு பெற்று, மீண்டும் ஒரு சீருடையை அணிந்து கொண்டவர்கள் அவர்கள். நம் பகுதிக்கும் படைக்கும் உள்ள உறவு பழையது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கிகள் 1971 போரில் களம் கண்டன. அந்த டாங்கிகளைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் போரில் நின்ற மனிதரின் உடலுக்குள் தங்கிவிட்ட இரும்புத் துண்டைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

போரில் காயமடைந்தவருக்கென்றே நம் நாட்டில் ஒரு பதக்கம் இருக்கிறது. பராக்ரம் பதக்கம் என்பது அதன் பெயர். எந்த வகையான படை நடவடிக்கையானாலும், கிளர்ச்சி எதிர்ப்பு நடவடிக்கையானாலும், எதிரியின் நேரடித் தாக்குதலால் காயமுற்றவருக்கு அது உரியது. சிப்பாய்க்கும் தளபதிக்கும் இதில் வேறுபாடு இல்லை. முப்படையினர், பிராந்தியப் படையினர், காவல்துறையினர் ஆகியோரும் பெறலாம். வீரதீரச் செயல் எதுவும் புரிந்திருக்க வேண்டியதில்லை. எதிரியால் காயம் பட்டிருந்தால் போதும். ஆகவே இதை ஒரு சலுகையாக அன்று, உரிமையாகவே நாம் கருதுகிறோம்.

வயது முதிர்ந்த ஒருவர், காயம் பட்டுப் பல ஆண்டுகள் கழித்து, ஒரு சிறிய உலோக வட்டத்துக்காக ஏன் மனுமேல் மனு எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பெருமைக்காக என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. உண்மையில், பதக்கமும் ஓய்வூதியமும் படைப்பதிவேட்டின் ஒரே வரியில்தான் நிற்கின்றன. அந்தக் காயம் எதிரியால் நேர்ந்த போர்க்காயம் என்று எழுதப்பட்டதா, இல்லையா என்பதே கேள்வி. நூறு விழுக்காடு ஊனமுற்றவருக்குச் சாதாரண ஊன ஓய்வூதியமாகக் கணக்கிடப்படுவது ஊதியத்தில் 30 விழுக்காடு. அதே ஊனம் போர்க்காயம் என்று பதிவாகியிருந்தால் 60 விழுக்காடு. அக்காயத்தாலேயே படையிலிருந்து விலக்கப்பட்டவருக்கு முழு ஊதிய அளவும் கணக்கில் வரும். எனவே பதக்கம் கேட்பவர், "எனக்கு நேர்ந்தது உண்மை என்று எழுதுங்கள்" என்றே கேட்கிறார்.

அந்த வரியை எழுத வேண்டியவர் யார்? போர்முனையில் அவசர அவசரமாகக் கட்டுப்போடும் மருத்துவ உதவியாளர், படைப்பிரிவின் எழுத்தர், மருத்துவமனையின் பதிவாளர். காயம்பட்டவர் அப்போது நினைவிழந்து கிடக்கலாம். கட்டுப்போட்டவரே அடுத்த மணியில் இறந்துவிடலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஏர்ல் மேயர் என்பவருக்கு இதுதான் நேர்ந்தது. கொரியப் போரில் 1951-ம் ஆண்டு ஜூன் மாதம் பீரங்கிக் குண்டின் சிதறல் அவர் தொடையில் பாய்ந்தது. அவருக்குச் சிகிச்சை அளித்த உதவியாளர் முகாமுக்குத் திரும்பிக் குறிப்பு எழுதும் முன்னரே கொல்லப்பட்டிருக்கலாம் என்று கருதப்படுகிறது. குண்டுத் துண்டு காலுக்குள் இருந்தது; ஆனால் கோப்பில் தாள் இல்லை. போரில் காயமுற்றோருக்கு அந்நாடு வழங்கும் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் அவருக்கு மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டது. 2005-ல் அரசு மருத்துவர்களே அது பெரும்பாலும் போரில் பட்ட காயம்தான் என்று எழுதிக்கொடுத்தும் பயனில்லை. 2023-ல் அவர் இராணுவத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 2024-ம் ஆண்டு மே மாதம், தமது 96-ம் வயதில், காயம் பட்டு ஏறக்குறைய 73 ஆண்டுகளுக்குப் பின் அவர் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார்.

அதே நாட்டில் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரின் பணியாளர் ஆவணக் காப்பகம் தீப்பற்றி எரிந்தது. ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் சாம்பலாயின. காயம்பட்டவரின் தவறு எதுவும் இல்லாமலே அவரது சான்று அழிந்துபோகும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

நம் நாட்டில் தீ தேவைப்படவில்லை, விதியே போதுமாயிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. ஊன ஓய்வூதியத்துக்கான 1982-ம் ஆண்டு விதிகளின்படி, தகுதியை மெய்ப்பிக்கும் பொறுப்பு கேட்பவருடையதன்று. ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரருக்கே சேர வேண்டும். 2013-ம் ஆண்டு ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளையே முன்னிறுத்தி வீரருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2008-ல் மாற்றி எழுதப்பட்ட விதிகளில் ஒரு வாசகம் நுழைந்தது. ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், அதாவது பணி ஆவணங்கள் கால வரையறைப்படி அழிக்கப்பட்ட பிறகு, ஒருவர் கோரிக்கை வைத்தால், மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரைச் சேரும் என்பதே அது. ஆவணத்தை எழுதியது அரசு, வைத்திருந்தது அரசு, அழித்ததும் அரசு. சான்று கொண்டுவர வேண்டியவர் மட்டும் வீரர்! 2023-ல் விதிகள் மறுபடியும் மாறின. ஆயினும் அந்தப் பதினைந்து ஆண்டு வாசகத்தில் வெளிப்பட்ட மனப்பான்மை நமக்குக் கவலை தருகிறது. (குடும்ப அட்டையில் ஒரு தலைப்பெழுத்தைத் திருத்த எத்தனை நடை நடக்க வேண்டும் என்பதை அறிந்த வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.)

காயத்தில் ஐயமே இல்லாதவருக்கும் காத்திருப்பு நேர்ந்திருக்கிறது. 1965 போரில் உடலெங்கும் குண்டுகள் பாய்ந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்த மராட்டிய வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். 1982-ல் அர்ஜுனா விருதுக்கு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். 2018-ல் பத்மஸ்ரீ வந்தது. அர்ஜுனா விருது, வாழ்நாள் சாதனைக்கானதாக, 2025 ஜனவரியில் அவர் எண்பது வயதில் கைக்கு வந்தது. அது விளையாட்டு விருது, வேறு கதை என்பது உண்மையே. எனினும் விண்ணப்பித்தவர் உயிரோடிருந்து வாங்கிக்கொண்டது அவரது நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதக்கம் யாருக்கும் சோதனையின்றிக் கொடுக்கப்படலாகாது என்பாரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. போலிச் சான்றோடு ஒருவர் அதை அணிந்தால், உண்மையாகவே காலிழந்தவருக்கு அது அவமதிப்பு. ஆனால் சோதிக்க வழியில்லையா? எலும்பருகே இரும்புத் துண்டு இருப்பதை எக்ஸ்ரே காட்டும். அன்று அருகில் நின்ற தோழர் உறுதிமொழிப் பத்திரம் அளிக்கலாம். படைப்பிரிவின் நாட்குறிப்பு அந்த நாளில் அங்கே சண்டை நடந்ததா என்று சொல்லும். தாள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கதவை மூடுவது சோதனை ஆகாது.

'எதிரியின் நேரடித் தாக்குதல்' என்ற சொற்றொடரும் சிந்திக்கத்தக்கது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் எல்லை நெடுகப் படைகள் குவிக்கப்பட்டபோது, நம் வீரர்களே புதைத்த கண்ணிவெடிகளில் சிக்கிக் கை கால் இழந்தோர் பலர். அந்த நடவடிக்கையின் பெயரே ஆபரேஷன் பராக்ரம். விதியின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால், பராக்ரமில் காலிழந்த அவர்களுக்குப் பராக்ரம் பதக்கம் இல்லை.

தமிழராகிய நமக்கு இதில் சொல்லக் கூசும் ஒரு பகுதியும் உண்டு. 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். காயமுற்றோர் மூவாயிரத்துக்கும் மேல். படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அதை வரவேற்க அன்றைய முதலமைச்சர் செல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே நோயாளரும் மருத்துவரும் தாதியரும் சுடப்பட்ட செய்தி இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அங்கே காயமுற்ற குடிமக்களுக்குப் பதக்கமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அந்த வேதனையை மூடி மறைத்துவிட்டுப் படைவீரரின் வேதனையைப் பற்றி மட்டும் பேச நம்மால் இயலாது. ஆனாலும் அந்தப் போரை முடிவு செய்தவர் கண்ணிவெடியில் காலிழந்த சிப்பாய் அல்லர். அவர் தமிழராகவும் இருந்தால், தன் தெருவில்கூடத் தன் காயத்தின் கதையைச் சொல்ல முடியாமல் இருந்திருப்பார். 25.11.1987 அன்று வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு நாட்டின் உயரிய பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. உயிரோடு திரும்பிய காயமுற்றோரின் பெயர்களை நம்மில் யார் அறிவோம்?

நம் பகுதியில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் வீட்டுப் பிள்ளைகள் செய்யக்கூடியது சில உண்டு. படைவிலகல் புத்தகம், மருத்துவமனைச் சீட்டு, பழைய கடிதம் எதையும் பரண்மேல் விட்டுவைக்காமல் எடுத்து நகல் எடுக்கலாம். திருவள்ளூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக, அவரது ரெஜிமென்டின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. ஓய்வூதியக் கோரிக்கை மறுக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே உண்டு. எல்லாவற்றிலும் அவசரமானது, உடன் நின்ற தோழரைத் தேடிக் கண்டுபிடித்து வாக்குமூலம் பெறுவது. 1965-ல் இருபது வயதில் களத்தில் நின்றவர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார். 1971-ல் நின்றவர் எழுபதைக் கடந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் நின்ற இளைஞர்களுக்கும் அறுபதை நெருங்குகிறது.