‘உலக இசை’ என்றோர் இறாக்கை

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் ‘உலக இசை’ என்ற சொற்றொடரைத் தலைப்புகளில் தாராளமாகப் பயன்படுத்தியவன் நான். கலைப்பக்கத்தில் இடம் குறைவு, சொல்லும் சிறிது, வாசகருக்கும் ஏதோ விளங்கியது போலிருக்கும். அத்தவறை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழக வட்டாரங்களில் 1960களிலேயே வழங்கிய சொல்தான் அது. ஆனால், அதனைக் கடைக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு. 1987ஆம் ஆண்டு நடுப்பகுதியில் இலண்டன் மதுச்சாலையொன்றில் சிறிய இசைத்தட்டு நிறுவனத்தார் கூடினர். எந்த இறாக்கையில் அடுக்குவது என்று கடைக்காரர் திகைத்த இசைத்தட்டுகளுக்கெல்லாம் ஒரே பெயரைச் சூட்டினர். இங்கிலாந்துக்காரர் கிற்றார் வாசித்தால் அது றொக். பிறேசில்காரர் வாசித்தால் அது ‘உலகம்’!

பிறேசில் கலைஞர்களுக்கு இதனால் இரட்டை அடி. வெளியே இறாக்கைக்காரர், உள்ளே தூய்மைவாதிகள். “வெளிநாடு போய்ப் பாரம்பரியத்தைக் கலப்படம் செய்துவிட்டார்கள்” என்பதே பின்னவர்களின் ஓயாத முறைப்பாடு. அரிசியில் கல் கலப்பதைக் கலப்படம் எனலாம். பெரிம்பாவ் என்ற ஒற்றை நரம்புக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த கம்பு, கம்பி, சுரைக்குடுக்கை, தட்டுவதற்கு ஒரு குச்சி, கம்பியில் அழுத்துவதற்கு ஒரு கல் அல்லது நாணயம். அவ்வளவுதான். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியாகப் பிறேசிலில் வேரூன்றிய கருவி அது. அது துணைசெய்யும் கப்புவேரா ஆட்டத்தையே 1890ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்கியது. எந்தத் தூய்மையைப் பற்றிப் பேசுகிறார்கள் இவர்கள்?

1967 யூலை 17ஆம் திகதி சாவோ பாவுலோ வீதிகளில் மின்கிற்றாருக்கு எதிராக ஊர்வலம் நடந்தது. கருவியொன்றுக்கு எதிராக ஊர்வலம்! அதில் நடந்தவர்களுள் ஜில்பேர்ட்டோ ஜில்லும் ஒருவர். மூன்று மாதங்கள் கழித்து அதே ஜில், மின்கிற்றார்க் குழுவொன்றுடன் போட்டி மேடையேறினார். மனிதர் மாறலாம், மாறியதை மறைக்காததே அவரது பெருமை. 1968 டிசெம்பரில் இராணுவ அரசு அவரையும் காயித்தானோ வெலோசோவையும் கைதுசெய்தது. மறு ஆண்டு இருவரும் இலண்டனுக்கு அகல நேர்ந்தது. 1972 வரை அங்கிருந்தனர். வெலோசோ அங்கு பதிவுசெய்த ‘த்ரான்சா’வில் பாகியாவின் கப்புவேராத் தாளமும் இலண்டன் தெருவில் கேட்ட ரெகேயும் உண்டு. “ஏன் வெளிநாடு போனார்கள்” என்று கேட்போர், அனுப்பியவர் யார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

போவதற்கும் தடை இருந்தது. 1976இல் வெளிநாடு செல்வோர் பெருந்தொகையை வைப்பிலிட வேண்டுமென அரசு விதித்தது. எக்பேர்ட்டோ ஜிஸ்மொந்தியால் தமது குழுவை நோர்வேக்கு அழைத்துச் செல்ல முடியவில்லை. தனியே போன அவருக்கு, றெசீஃபேயில் பிறந்து ஏற்கெனவே ஐரோப்பாவில் வாழ்ந்துகொண்டிருந்த நனா வாஸ்கொன்செலோஸ் துணையானார். ஒஸ்லோவில் இருவரும் பதிவுசெய்த இசைத்தட்டை இன்று கேட்டாலும் காட்டுக்குள் நடப்பது போலிருக்கும். வரவுசெலவுக் கணக்கிலிருந்து இப்படியொரு கலை பிறக்குமென்று எந்தத் திறைசேரி அதிகாரி எண்ணியிருப்பார்?

பின்னர் நனா, டொன் செரி, கொலின் வோல்கொட் மூவரும் தம் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் ‘கொடோனா’ அமைத்தனர். எக்காளம், சித்தார், தப்லா, பெரிம்பாவ். ஒன்று மற்றொன்றுக்கு அடிமையாகாமல் உரையாடின. 1991இல் வெளிவந்த ‘பிளனற் டிரம்’ தட்டிலும் பிறேசிலின் ஐயேர்ட்டோ மொறெய்ராவும் நம்மவரான விக்கு விநாயகராமின் கடமும் அவ்வாறே அருகருகே ஒலித்தன. உலக இசைக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருது அதற்கே கிடைத்தது. அவ்விருது மிக்கி ஹார்ட் என்ற அமெரிக்கரின் பெயரில் வந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

கண்டிக்கவேண்டிய கலப்பும் உண்டு. 1989இல் ‘லம்பாடா’ என்று உலகமே இடுப்பசைத்ததே, அது பிறேசிலின் பாடலென்று விற்கப்பட்டது. அந்தக் குழுவை அமைத்தவர்கள் பிரெஞ்சுத் தயாரிப்பாளர்கள். மெட்டோ பொலிவியாவின் லோஸ் ஹார்காஸ் குழுவினர் 1981இல் வெளியிட்ட பாடலுக்குரியது. உரியவர்கள் உரிமைக்காக வழக்காட வேண்டியிருந்தது. நனா செய்ததும் இதுவும் ஒரே இறாக்கையில் கிடந்தன என்பதே என் கோபம். ஒன்றில் கலைஞர் கலைஞரைத் தேடிப் போனார். மற்றதில் வணிகர் மெட்டைத் தேடிப் போனார். தூய்மைவாதி இரண்டையும் ஒன்றாகவே திட்டுகிறார்; இறாக்கைக்காரர் இரண்டையும் ஒன்றாகவே விற்கிறார்.

2020இல் கிராமிக்காரர் அந்தப் பிரிவின் ஆங்கிலப் பெயரை மாற்றினர். ‘வேர்ல்ட்’ போய் ‘குளோபல்’ வந்தது. தமிழில் பெயர்த்தால் இரண்டும் உலகமே.

நனா பிற்காலத்தில் றெசீஃபே திரும்பி, ஆண்டுதோறும் அந்நகரின் கார்னிவல் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான மரக்காட்டு முரசாளர்களை வழிநடத்தினார். 2016 மார்ச்சில் அங்கேயே காலமானார். அந்த முரசாளர்கள் எவரும் அவரிடம் கலப்படத்துக்குக் கணக்குக் கேட்டதாக நான் அறியேன்.